மகளைத் தூக்காத ஒரு வருடம்

செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. குளியலறையிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பினால், என் இடது கால் செருப்பு பாதி வழியில் கவிழ்ந்து கிடக்கிறது. ஏழெட்டு அடி வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். தரை முழுக்க ஈரம். அந்தக் குளிர்ச்சி காலில் ஏறவே இல்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிப் பார்த்தேன். தொடுவது கைக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

இடுப்பு வலி எனக்கு ஆறேழு வருடமாக உண்டு. அதை நான் நோயாக நினைத்ததில்லை. மகளை வளர்ப்பதில் அதுவும் ஒரு பகுதி என்றே வைத்திருந்தேன்.

மகள் பெயர் கீர்த்தனா. அப்போது பதினேழு வயது. அவளுக்கு மூளை முடக்குவாதம் (பிறக்கும்போது மூளைக்குப் போதிய பிராணவாயு கிடைக்காததால், கைகால் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை). தானாக உட்கார முடியாது, நிற்க முடியாது. பேச்சில் இருபது முப்பது வார்த்தைகள்தான். ஆனால் நாம் பேசுவது எல்லாம் விளங்கும், தமிழிலும் மராத்தியிலும். எடை முப்பத்தாறு கிலோ. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து கழிப்பறைக்கு, குளிக்க, உடை மாற்ற, மறுபடியும் கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை அவளைத் தூக்குவேன். இரண்டு கைகளையும் மேலே நீட்டுவாள். நான் குனிந்ததும் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தாடை என் தோளில் பதியும். ஒருமுறை தூக்கி வைக்கப் பத்து நொடிகூட ஆகாது.

நான் பிறந்தது மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில். அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். திருமணமாகி ஹடப்சர் வந்தேன். கணவர் மாரியப்பன் இங்கேயே தொழிற்பேட்டையில் ஃபிட்டர். வீட்டில் எங்கள் பேச்சு இன்னமும் திருநெல்வேலிப் பேச்சுதான். மகளுக்கு இரண்டு வயதாகும்வரை நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். அதன்பின் இல்லை.

என் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். குணமாகும் காலத்தில் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று வாரவாரியாக அதில் போட்டிருந்தது. பொய்யில்லாத தாள். ஆனால் எனக்கு நடந்ததில் பாதி அதில் இல்லை. இதே அறுவைக்குப் போகிறவர்கள், முக்கியமாக வீட்டில் இன்னொருவரைத் தூக்கிப் பராமரிக்கிறவர்கள், அந்தப் பாதியையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்தால் தைரியம் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஸ்கேனில் முள்ளெலும்பு நழுவல் என்று வந்தது (இடுப்புப் பகுதியில் ஒரு எலும்பு தனக்குக் கீழே உள்ள எலும்பின் மேல் முன்பக்கமாகச் சரிந்துவிடுவது). சரிந்த எலும்பு காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். எங்களிடம் இந்தியில் பேசினார். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எலும்பு இணைப்பு அறுவை (நழுவிய எலும்புகளைத் திருகாணிகளாலும் கம்பிகளாலும் இறுக்கிப் பிடித்து, நடுவே எலும்புத் துகள்களை வைத்து, காலப்போக்கில் ஒரே எலும்பாக வளரவிடுவது) செய்தாக வேண்டும் என்றார். இன்னும் தள்ளிப்போட்டால் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் போகும், சிறுநீர் கட்டுப்பாடும் போகலாம் என்றார்.

"நாங்கள் செய்வது பிடித்து நிறுத்துவது மட்டும்தான். இணைக்க வேண்டியது உங்கள் உடம்பு. அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம்."

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். வலி போகுமா? எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்? எப்போது நடக்கலாம்? மூன்றுக்கும் பதில் சொன்னார். மூன்று மாதம் இடுப்பில் பெல்ட் போட வேண்டும் என்றார். பிறகு அவராகவே, வீட்டில் கனமான வேலை ஏதும் உண்டா என்று கேட்டார். மகளைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதற்கு நீங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்."

எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

வெளியே ரிக்‌ஷாவில் ஏறியதும் என் கணவர் கேட்டார். "கீத்துவ எப்ப தூக்கலாம்னு கேட்டியா?"

"மூணு மாசம் கழிச்சுன்னு சொன்னாரு."

"அப்ப சரி. மூணு மாசம் எப்படியாவது ஓட்டிருவோம்."

டாக்டரிடமும் அவர் என் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார், அதே அறையில், டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அறுவை மே மாதத் தொடக்கத்தில் நடந்தது. விழித்தபோது முதுகில் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்ததுபோல் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, திரும்பிப் படுக்க முடியாமல் போனதுதான். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில், ஒரு மரக்கட்டை உருளுவதுபோல் உருள வேண்டும். இடுப்பு முன்னே போய்த் தோள் பின்தங்கினால் கண் இருட்டிக்கொண்டு வரும். இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து என்னை உருட்டினார்கள். ஒருத்தி தோள் பக்கம், ஒருத்தி இடுப்புப் பக்கம். பதினேழு வருடம் நான் கீர்த்தனாவை இப்படித்தான் உருட்டித் துணி மாற்றியிருக்கிறேன். உருட்டுகிற கை அவசரப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எத்தனை நாள் அவசரப்பட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

இரண்டாம் நாள் வாக்கரைப் பிடிக்க வைத்து நிற்க வைத்தார்கள். கால் வலி இல்லை. ஆறு வருடமாகத் தொடையிலிருந்து கணுக்கால் வரை கம்பியைச் செருகியது போல இருந்த வலி, துடைத்து எடுத்தாற்போல் போய்விட்டது. அழுதுவிட்டேன். கணவருக்கு ஃபோன் போட்டு, "எனக்குச் சரியாப் போச்சுங்க" என்று சொன்னேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். அன்று யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாம் நாள் கால் எரியத் தொடங்கியது. கொதிக்கிற எண்ணெய் தெறித்ததுபோல் திட்டுத் திட்டாக. நசுங்கிக் கிடந்த நரம்பு விழிக்கிறது, நல்லதுதான் என்றார் டாக்டர். 'நல்லது' என்ற சொல்லுக்கு எத்தனையோ அர்த்தங்களைப் பிறகு தெரிந்துகொண்டேன். வலி மாத்திரைகளால் மலம் இறுகிப்போகும். ஐந்து நாள் போகாமல் இருந்து, ஆறாம் நாள் முக்கவும் முடியாமல் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு நான் கேட்காமல் விட்டேன்.

வீட்டில் ஒரே அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டில் கீர்த்தனாவுக்கு, கதவோரம் எனக்கு. நடுவில் சக்கர நாற்காலி போகிற அளவு இடம். அவளைப் பார்த்துக்கொள்ள மங்கல் என்ற பெண் வந்தாள். புர்சுங்கி பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கியவள். ஒல்லியான உடம்பு, ஆனால் கீர்த்தனாவை ஒரு தலையணையைத் தூக்குவதுபோல் தூக்கினாள். மங்கல் வராத நேரத்தில் என் கணவர். காலை ஷிஃப்டுக்கு முன்னாலும் வந்த பின்னாலும் அவர்தான். வளர்ந்த பெண்ணை அப்பா குளிப்பாட்டுவதில் அவருக்கு ஒரு கூச்சம் இருந்தது. அவளுக்கும் இருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.  நான் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் சில நாள் என் கட்டிலைப் பார்த்துக் கைகளை நீட்டினாள். "ம்மா. தூக்."

"அம்மாக்கு முதுகு தச்சிருக்குல்லா செல்லம். கொஞ்ச நாள் மங்கல் தூக்குவா."

"தூக்."

அவளுக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே கேட்டாள்.

தாளில் எழுதியிருந்த மற்றவை எல்லாம் சரி. குனியக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது, ஒரு பால் பாக்கெட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது. நடக்கலாம், நடப்பதுதான் மருந்து. தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தரையில் உட்காரவே கூடாது. உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். மே மாத வெயிலில் பெல்ட்டுக்கு அடியில் வேர்க்குரு போட்டது, அதற்கு மெல்லிய பனியன் போட்டுக்கொண்டேன். கீழே விழுந்ததை எடுக்க, நுனியில் இடுக்கி வைத்த ஒரு நீளக் குச்சி கொடுத்தார்கள். உங்களுக்கும் அது வேண்டியிருக்கும். கழிப்பறை இருக்கையை உயரமாக்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலோ, தையலில் நீரோ, சிறுநீர் போவது தெரியாமல் போவதோ இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆனால் மூன்றாவது வாரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதுவரை அக்கம்பக்கத்தார் வருவார்கள், சாப்பாடு வரும், ஊரிலிருந்து ஃபோன் வரும். மூன்றாவது வாரம் எல்லாம் நின்றுவிடும். நடக்கிறீர்களே, நன்றாகிவிட்டதே என்பார்கள். உள்ளே திருகாணியைச் சுற்றி ஒரு துளிகூட எலும்பு வளர்ந்திருக்காது. எனக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. சோறு இறங்கவில்லை. விடிந்ததும் இன்னொரு பகலா என்று தோன்றும். அது உடம்பின் பகுதிதான், மருத்துவரிடம் சொல்ல வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியாது. சோம்பல் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏழாவது வாரம் ஜூன் கடைசியில் வந்தது. பண்டர்பூர் கோயிலுக்கு நடந்து போகிறவர்களின் பல்லக்கு ஹடப்சர் வழியாகப் போகும் நாள். ஆண்டுதோறும் அன்று ரோடு அடைத்துவிடுவார்கள். கணவருக்குக் காலை ஷிஃப்ட். அடைப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்ற பரபரப்பில் கீர்த்தனாவுக்கு எல்லாம் செய்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்.

"மங்கல் எட்டு மணிக்கு வந்துருவா. நீ எந்திரிச்சு ஒண்ணும் செய்யாத, என்ன?"

இடுப்புப் பட்டையை மாட்டினார். தொடைகளுக்கு நடுவே வருகிற கீழ்ப் பட்டையை மாட்ட மறந்துவிட்டார். அவர் போன பிறகுதான் பார்த்தேன். அதை மாட்ட நான் குனிய வேண்டும். ஒரு மணி நேரம்தானே, மங்கல் வந்து மாட்டட்டும் என்று விட்டேன்.

எட்டரை ஆகியும் மங்கல் வரவில்லை. ஃபோன் செய்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன், போலீஸ் கடக்க விடவில்லை என்றாள். பின்னால் ஜால்ராவும் மிருதங்கமும் கேட்டன. சற்று நேரத்தில் அதே சத்தம் எங்கள் ஜன்னலுக்கும் வந்தது.

கீர்த்தனாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் அவள் உடம்பு விறைக்கும். முதுகு வில்லாக வளையும், கால்கள் நீண்டுகொள்ளும். அன்றும் விறைத்தாள். விறைத்ததில் இடுப்பு முன்னால் வழுகியது. கீழ்ப் பட்டை இல்லாததால் வழுகிக்கொண்டே போனாள்.

அவள் சட்டென்று விழவில்லை. மெல்ல மெல்ல இறங்கினாள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு கை தூரத்தில் நின்றேன். அவளுடைய அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஆயிரம் முறை இழுத்திருக்கிறேன். இடுப்புப் பட்டை அவளுடைய நெஞ்சுக்கு ஏறியது. இன்னும் ஏறினால் கழுத்து. பட்டையின் கொக்கி நாற்காலியின் பக்கவாட்டில், என் இடுப்பு உயரத்தில் இருந்தது. குனியாமல் எட்டுகிற ஒரே இடம் அதுதான். கொக்கியை அழுத்தினேன். பட்டை விட்டது. அவள் தரைக்குப் போனாள்.

என் மகளை நானே கீழே விட்டேன். கழுத்து இறுகாமல் காப்பாற்றினாய் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இரண்டும் ஒரே செயல்தான்.

வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இடது கையை நீட்டினாள்.

"ம்மா. தூக்."

எதிர்வீட்டுக்கு நடந்து போய்த் தட்டினேன். பூட்டியிருந்தது. யாத்திரைக்காரர்களுக்கு அவல் போஹாவும் டீயும் கொடுக்கக் கட்டிடமே ரோட்டுக்குப் போயிருந்தது. வாட்ச்மேனும் இல்லை. பால்கனியில் நின்று கத்திப் பார்த்தேன். மிருதங்கம் என் குரலை விழுங்கிவிட்டது. கணவருடைய ஃபோன் கம்பெனி லாக்கரில் இருக்கும். மங்கலை மறுபடி கூப்பிட்டேன். "வருகிறேன், எப்படியாவது வருகிறேன்" என்றாள்.

திரும்பி வந்து கட்டிலிலிருந்து ஒரு தலையணையைத் தள்ளிவிட்டேன். இடுக்கிக் குச்சியால் அதை அவள் தலைக்கு அடியில் நகர்த்தப் பார்த்தேன். தோள் வரைக்கும்தான் போனது.

"மங்கல் வந்துக்கிட்டே இருக்கா செல்லம். இப்ப வந்துருவா."

என்னைப் பார்த்தாள். "நீ" என்றாள். "நீ தூக்."

ஒருமுறைதானே என்று தோன்றியது. ஒரே ஒருமுறை. திருகாணி நழுவினால் நழுவட்டும். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினேன். பெல்ட் விலா எலும்பில் இடித்தது. தொடையில் மின்சாரம் போல ஒன்று ஓடியது. பாதி மடங்கிய காலோடு அப்படியே நின்றேன். பிறகு நிமிர்ந்துவிட்டேன். நிறுத்தியது முதுகா, நானா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். நான் இறங்கி வருவதையும், பாதியில் நிமிர்வதையும்.

அதன்பின் கூப்பிடவில்லை. கையை இறக்கிக்கொண்டாள். முகத்தைக் கட்டிலின் அடிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அடியில் தரை நனைந்தது. நான் அவள் தலைமாட்டில் நின்றேன். என் நிழல் அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. பல்லக்கு போய், பின்னால் வந்த கூட்டமும் போய், வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கும்வரை நின்றேன். ஒரு மணி பத்து நிமிடம்.

மங்கல் மழையில் நனைந்து ஓடிவந்தாள். ஊர்வலத்தையும் போலீஸையும் திட்டிக்கொண்டே ஒரே தூக்கில் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கீர்த்தனா மங்கலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தாயி" என்றாள்.

மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. இங்கே எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் நாற்பது வருடமாகக் கூப்பிடுகிறேன். அன்று என் காதுக்கு அது தமிழாகக் கேட்டது.

மாலையில் கணவர் வந்தார். முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தார். கீழ்ப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் மேலதான் தப்பு" என்றார்.

"நான் தூக்கியிருக்கணும்."

"நீ தூக்கியிருந்தேன்னா இப்ப நான் ரெண்டு பேரத் தூக்கிக்கிட்டு அலைவேன்." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். 

அன்றிலிருந்து கீர்த்தனா என்னிடம் கை நீட்டுவதில்லை. கோபித்துக்கொண்டாள் என்றும் சொல்ல முடியாது. நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். தலை வாரினால் சிரிக்கிறாள். தூக்க வேண்டிய நேரம் வந்தால் மங்கலைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள். என்னைத் தாண்டிப் பார்க்கிறாள். ஒரு கதவு திறக்காது என்று தெரிந்தால் நாமும் அந்தப் பக்கம் போக மாட்டோம் இல்லையா, அப்படி.

மூன்று மாதத்தில் பெல்ட்டைக் கழற்றினார்கள். ஆறாம் மாத ஸ்கேனில் எலும்பு போதுமான அளவு வளரவில்லை என்றார் டாக்டர். இன்னும் பொறுக்க வேண்டும், வளரவே இல்லையென்றால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். அந்த நான்கு மாதமும் நான் உடம்பை ஒரு முட்டையைச் சுமப்பதுபோல் சுமந்தேன். மாத்திரை, பால், காலை வெயில், நடை. கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வலி குறைந்தது. பாதத்தின் மரமரப்பு போகவில்லை. செத்த நரம்பு அது, இனி வராது என்றார்கள். மாடிப்படியில் இடது காலை எங்கே வைக்கிறேன் என்று கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பத்தாவது மாதம் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி டாக்டர் சிரித்தார். திருகாணிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பாலம் தெரிந்தது.

"இணைந்துவிட்டது. இரண்டு எலும்பு இப்போது ஒன்று. மிக நல்ல ரிசல்ட்."

பத்து மாதமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "இனிமேல் மகளைத் தூக்கலாமா டாக்டர்?"

"இப்போது அவள் எடை என்ன?"

"முப்பத்தொன்பது."

தலையை ஆட்டினார். "அது என்றைக்குமே முடியாது. முதல் நாளே வேறு ஏற்பாடு என்று சொன்னேனே. இணைந்த இடம் வளையாது. அந்தப் பாரமெல்லாம் அதற்கு மேலே இருக்கும் எலும்புக்குப் போகும். நீங்கள் அவளைத் தூக்கினால் சில வருடத்தில் அந்த எலும்பையும் இணைக்க வேண்டி வரும்."

வெளியே நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள். கணவர் உட்கார்ந்தார். நான் நின்றேன். எனக்கு இன்னமும் நிற்பதுதான் வசதி.

"அன்னைக்கு ரிக்‌ஷாவுல மூணு மாசம்னு சொன்னியே" என்றார்.

"ஆமா."

"அவரு அப்படிச் சொல்லல."

"சொல்லல."

எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் தெரியும். நானும் அங்கதான இருந்தேன். டாக்டர்கிட்ட திரும்பக் கேட்டா முடியவே முடியாதுன்னு சொல்லிருவாரோன்னு பயந்துதான் உன்னக் கேட்டேன்."

எங்கள் இருவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. அறுவை வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது, காலே போயிருக்கும். ஆனால் தெரிந்தே போயிருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாள் காலையில் அவளைக் கடைசியாகத் தூக்கியபோது, அது கடைசி என்று தெரிந்து தூக்கியிருப்பேன். அன்று அடுப்பில் பால் இருந்தது. அவசரமாகத் தூக்கி அவசரமாக வைத்தேன். அது எனக்குச் சரியாக நினைவில்கூட இல்லை.

நீங்கள் டாக்டரிடம் போகும்போது வலி போகுமா என்று கேளுங்கள். கூடவே, நான் இனிமேல் என்னவெல்லாம் செய்ய முடியாது என்றும் கேளுங்கள். பதிலை வீட்டில் யாராவது ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் நான் குணமானவள். நேராக நடக்கிறேன். முன்னைவிட நேராக என்றுகூடச் சொல்லலாம், வேறு வழியில்லை. இடுப்புக்குக் கீழே குனிகிற உலகம் என்னுடையதில்லை: கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரை, கோலம், அவளுடைய கால் நகம். நகம் வெட்டுவதற்கு அவள் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைக்க ஒருவர் வேண்டும். குளிரில் திருகாணி இருக்கும் இடம் மட்டும் முதலில் குளிர்கிறது. என் உடம்பில் ஒரு பகுதி என்னைவிட வயதானதாக, அசையாததாக, எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது.

சென்ற மாதம் நோயாளியைத் தூக்கும் இயந்திரம் ஒன்றை வீட்டில் வைத்தோம். சக்கரம் வைத்த ஒரு சின்னக் கிரேன். கணவர் தொழிற்சாலையில் எஞ்சின்களைத் தூக்க இதைவிடப் பெரியதை ஓட்டுகிறார், அதனால் ஒரே நாளில் பழகிவிட்டார். மங்கல் இல்லாத நேரத்துக்காக நான் பழக வேண்டியிருந்தது. அவளைப் பக்கவாட்டில் உருட்டித் துணித் தொட்டிலை அடியில் விரிக்க வேண்டும். நான்கு மூலைகளையும் கொக்கியில் மாட்ட வேண்டும். பிறகு முதுகு நேராக நின்று கைப்பிடியைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவள் ஒரு விரற்கடை மேலே போவாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பதினைந்து நிமிடம். ஒரு நாளைக்குப் பத்து முறை என்றால் என் பகலில் இரண்டரை மணி நேரம் அதற்கே.

முன்பு தூக்கும்போது அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அது எப்போதும் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. இப்போது பார்க்கிறேன். தொட்டிலில் மேலே வர வர அவள் முகம் என் முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. நடுவே இரும்புக் கம்பி. தரையை விட்டு எழும்பியதும் அவள் கண்களை மூடிக்கொள்கிறாள். பயமா என்று கேட்டால்  இரண்டு கைகளையும் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொள்கிறாள்.

மேலே வந்ததும் தொட்டில் கொஞ்சம் ஆடும். அது அடங்கிய பிறகுதான் வண்டியை நகர்த்தலாம். எட்டிப் பிடித்து நிறுத்த முதுகைத் திருக வேண்டும், அது கூடாது. ஆகவே நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் ஆடுகிறாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.